உன் அப்பா கயிற்றைக் கையில் சுற்றிய காரணம்

தம்பிக்கு ஆத்தா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கிற இந்த எழுத்தைப் பார்த்ததும் நீ பதறிப் போயிருப்பாய். இத்தனை வருஷமும் உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்லத் தபால்காரர் எழுதியது. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் இரண்டு வார்த்தை எழுதுவார், கடைசியில் அவர் பங்குக்கு ஒரு ஆசீர்வாதத்தையும் சேர்த்துவிடுவார். இந்த ஒரு கடிதத்தை அவரை எதிரில் வைத்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகாது. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கை. நேற்று மத்தியானம் ஆரம்பித்தேன், இன்றைக்கு மத்தியானமும் உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகப் படி. மருமகள் பக்கத்தில் இருந்தால் அவளும் கேட்கட்டும், அவளுக்கும் இதில் வேலை இருக்கிறது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. யுத்தம் முடிந்து பெட்ரோல் மறுபடி கிடைக்க ஆரம்பித்துவிட்டது, கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு முக்கி முக்கிப் போன பஸ்ஸெல்லாம் இப்போது ஜோராக ஓடுகிறது, புதுக்கோட்டையில் இனிக் குதிரை வண்டிக்கு வரும்படி இல்லை, முன்பே சொன்னபடி திருச்சி ஜங்ஷன் பக்கம் குடி போகிறோம் என்று எழுதியிருந்தாய். நல்லதுதான், போ. பழைய குதிரையைக் கொடுத்துவிட்டு இரண்டரை வயசில் ஒரு குட்டி வாங்கியிருப்பதாகவும், அது காற்றில் ஒரு காகிதம் பறந்தாலும் துள்ளுகிறது என்றும், இன்னும் வண்டியில் பூட்டிப் பழக்கவில்லை என்றும், சாமானை மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டு அதைக் கையில் பிடித்துக்கொண்டே திருச்சிக்கு நடக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதற்கு அப்புறம் ஒரு வரி. ‘நீ பயப்படாதே ஆத்தா, அப்பா மாதிரிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சாகிற மடையன் நான் இல்லை.’ தபால்காரர் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்தவள் அன்றைக்கு உலை வைக்கவில்லை.

முதலில் ஒன்று செய். போன கடிதத்தில் உனக்கு நாள் பார்த்து அனுப்பியிருந்தேன் அல்லவா, கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் புது வீட்டில் பால் பொங்கிவிட வேண்டும், மார்கழி பிறந்துவிட்டால் அப்புறம் தை வரைக்கும் குடி போக முடியாது என்று. அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. உன் குட்டி என்றைக்கு ரோட்டில் நிதானமாக நடக்கிறதோ அன்றைக்குப் போனால் போதும். அது மார்கழியாக இருந்தாலும் சரி, நடு ராகுகாலமாக இருந்தாலும் சரி. பல்லி சத்தம் கேட்டால்கூட வாசல்படி தாண்டாதவள் என்று நீயே என்னைக் கேலி செய்வாய். அப்படிப்பட்டவள் இதை எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் பெரியப்பா சொன்னதுதான். அப்பா இறந்தபோது உனக்கு ஏழு வயது. பெரியப்பா உனக்குக் குதிரை பழக்கும்போதெல்லாம் “ஒங்கப்பன் மாதிரி சுத்தாதடா, மடிச்சுப் பிடி” என்று சொல்லிச் சொல்லித்தான் பழக்கினார். இலுப்பூர்ச் சந்தையில் உன்னை ‘கயிறு சுத்தி மகன்’ என்று கூப்பிட்டார்கள், நீ ஒருத்தன் பல்லை உடைத்துவிட்டு வந்து நின்றாய். நான் உன்னைத்தான் திட்டினேன். உண்மையில் உன் அப்பாவைப் போலக் குதிரை பிடிக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. வெறிபிடித்த மாதிரி நிற்கிற குட்டியிடம்கூட அவர் நேராகப் போக மாட்டார். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டு, சாய்வாகப் போய் அதன் இடது தோளுக்குப் பக்கத்தில் நிற்பார். முன்னாலும் நிற்க மாட்டார், பின்னாலும் நிற்க மாட்டார். வலது கையில் தாடைக்குக் கீழே தலைக்கயிறு, இடது கையில் மிச்சக் கயிறு, பாம்பாகச் சுருட்டாமல் முன்னும் பின்னுமாக மடித்து. “இழுத்தா தானா அவுந்து போகணும் புள்ள, அப்படித்தான் பிடிக்கணும்” என்பார். “அது ஓடுனா விட்டுரணும். நாலு நாள்ல எந்தக் கொல்லையிலயாவது மேஞ்சுக்கிட்டு நிக்கும், போய்ப் பிடிச்சுக்கிறலாம்” என்பார். எனக்கே இதெல்லாம் மனப்பாடம். நன்றாக மனப்பாடம் என்பதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

அப்போது நாங்கள் இலுப்பூரில் உன் பெரியப்பா வீட்டில் ஒன்றாக இருந்தோம். எட்டு வருஷம். உன் பெரியம்மா கெட்டவள் இல்லை, ஆனால் அடுப்பு அவளுடையது. எவ்வளவு புளி, எவ்வளவு உப்பு, யாருக்கு முதல் சோறு என்பதெல்லாம் அவள் சொல்கிறபடிதான். உனக்கு ஒரு முட்டை அவிக்க வேண்டுமானாலும் நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அன்னவாசலில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது, அங்கிருந்து புதுக்கோட்டைக்கு வண்டி ஓட்டலாம் என்று உன் அப்பா சொன்ன நாளில் இருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் அடுப்பு, என் உப்பு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போது வெட்கமாக இல்லை, பொங்கிப் பொங்கிச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சமயம்தான் அவரும் உன்னைப் போலவே பழைய குதிரையை விற்றுவிட்டு ஒரு குட்டி வாங்கியிருந்தார். விடிகாலையில் அதை அன்னவாசல் ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நடத்திப் பழக்கினார். முதல் நாள் ஊர் எல்லை வரை, மறுநாள் அதற்கு அடுத்த மரம் வரை. பயந்தால் அங்கேயே நிறுத்தி, பயந்த சாமானை நன்றாகப் பார்க்க விட்டு, முகர விட்டு, அப்புறம்தான் திரும்புவார். பாதி ரோடு பழகியிருந்தது. பஸ்ஸைக் கிட்டத்தில் பார்க்கவில்லை. “இன்னும் ஒரு பத்து நாள் கொடு” என்று என்னிடம் கேட்டார். ஆடி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. ஆடியில் யார் குடி போவார்கள்? ஆவணிவரை அந்த வீட்டை யார் வைத்திருப்பார்கள்? நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். வண்டிக்காரர் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார், அதிலேயே எனக்கு எரிச்சல். சாமானுக்கு மேலே உன்னை உட்கார வைத்து நானும் ஏறிக்கொண்டேன். உன் அப்பா குட்டியைப் பிடித்துக்கொண்டு நன்றாகத் தள்ளிப் பின்னால் நடந்து வந்தார். ஆடிக் காற்று முன்கூட்டியே வந்துவிட்டது போல அடித்தது. குட்டிக்குக் காதில் பஞ்சு வைத்திருந்தார். கிளம்புமுன் வயிறு நிறையத் தீனி போடாமல் கொஞ்சம் புல் மட்டும் காட்டியிருந்தார். வழியெல்லாம் அவர் அதனோடு பேசிக்கொண்டு வந்த குரல் காற்றோடு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நீ பாதி வழியில் தூங்கிப் போனாய்.

அன்னவாசல் நெருங்கியதும், கண்மாய்க்கரை வளைவுக்கு முன்னால் நான் வண்டியை விட்டு இறங்கினேன். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது சட்டி பானை இல்லை, நிறைகுடமும் விளக்கும் நெல்லும் மஞ்சளும் உப்பும்தான், அதை நடந்து போய்க் கையால் கொண்டு வைக்க வேண்டும். வண்டிக்காரரிடம் “நீங்க போய் வீட்டு வாசல்ல நில்லுங்க, நான் வாரதுக்குள்ள ஒரு சாமானையும் எறக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினேன். நீ அதில்தான் தூங்கிக்கொண்டு போனாய், அதனால் நீ எதையும் பார்க்கவில்லை. பக்கத்துக் கிணற்றில் குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்தேன். வலது கையில் தாம்பாளம், அதில் விளக்கும் நெல்லும் மஞ்சளும். உப்பு ஜாடி மிஞ்சியது. என் ஆத்தா கல்யாணத்துக்குக் கொடுத்த பீங்கான் ஜாடி, ஒரு படி உப்புக் கொள்ளும். கிணற்றுச் சுவரில் வைத்திருந்தேன். அதற்குள் உன் அப்பா வந்து சேர்ந்தார். தூரத்தில் இலுப்பூர் பக்கமிருந்து பஸ் சத்தம் கேட்டது. அது பத்து மணி பஸ். எனக்கு அதுதான் கடிகாரம்.

“இந்தாங்க, இந்த ஜாடியைப் பிடிங்க, நேரமாச்சு” என்றேன். அவர், “பஸ் வருது புள்ள. இதை நான் அங்கிட்டு வயக்காட்டுல எறக்கி நிக்கிறேன், அது போகட்டும், அப்புறம் போவம்” என்றார். “அதுக்குள்ள ராகுகாலம் பொறந்துரும். பஸ் எங்கயோ வருது, நாம வீட்டுக்கே போயிருவம்” என்றேன். “அப்ப ஜாடியைக் கீழ வையி, இதைக் கொண்டுபோய்க் கட்டிப்புட்டு நான் வந்து எடுத்துக்கிறேன். இதுக்கு ரெண்டு கையும் வேணும்” என்றார். வீட்டுக்குப் போகிற உப்பை ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போவார்களா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “குதிரைக்குன்னா ரெண்டு கை இருக்கு, கட்டுனவளுக்கு ஒரு கைகூட இல்லையா? எட்டு வருசமா ஒங்க வீட்டுல அடுத்தவ உப்பைத் தின்னேன், எனக்குன்னு இருக்கிற உப்பைத் தூக்கிட்டு வர ஒங்களுக்கு முடியலையா?” என்று கேட்டேன். அப்படியேதான் கேட்டேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவர் ஜாடியை வாங்கி இடது கையில் அணைத்துக்கொண்டார்.

குட்டி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரு கையில் கயிறு நழுவி நழுவிப் போனது. இரண்டு தடவை பிடித்து இழுத்தார். மூன்றாம் தடவை நழுவியபோது அவர் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். தம்பி, நான் அதைப் பார்த்தேன். அவர் பக்கத்தில்தான் நடந்தேன். அது தப்பு என்று எனக்குத் தெரியும், உன் பெரியப்பாவுக்குத் தெரிகிற அளவுக்குத் தெரியும். ‘சுத்தாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜாடியை நான் வாங்கிக்கொள்ள வேண்டும், குடத்தைக் கீழே வைக்க வேண்டும், நேரம் போய்விடும். அதனால் பார்த்துவிட்டுச் சும்மா வந்தேன்.

வளைவில் பஸ் எங்களுக்குப் பின்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. டிரைவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன், ரோட்டில் ஆள் நின்றால் அடிக்கத்தானே செய்வார்கள். அப்புறம் நடந்தது ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட இருக்காது. குட்டி இரண்டு காலில் எழும்பிப் பாய்ந்தது. அவர் ஜாடியை விட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார், அது இறுகிவிட்டது. குட்டி அவரை இழுத்துக்கொண்டே ஓடியது, கண்மாய் மதகுக் கல்லில் அவர் தலை மோதிய பிறகுதான் கயிறு அறுந்தது. பஸ்ஸை நிறுத்தி எல்லாரும் இறங்கி ஓடி வந்தார்கள். நான் அவரை மடியில் வைத்திருந்தேன். அவரைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள், அதே பஸ் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனது. அவரைத் தூக்கும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ரோட்டில் கிடந்த ஜாடிச் சில்லையெல்லாம் காலால் தள்ளி ஓரத்துக் காட்டாமணக்குச் செடிக்குள் ஒதுக்கினேன். உப்பின் மேல் மண்ணைத் தள்ளினேன். ஏன் செய்தேன் என்று பதினைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் கையில் ஜாடி இருந்தது யாருக்கும் தெரியக்கூடாது என்று அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் நல்ல நினைவு வந்தது. உன் பெரியப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே திட்டினார். “கூறுகெட்டவனே, சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியுமேடா, கயித்தைக் கையில சுத்தலாமா?” என்றார். உறவுக்காரர் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். உன் அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்து, “கை அசந்து போச்சுண்ணே. புத்தியில்லாமச் சுத்திப்புட்டேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னை அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். புருஷனைக் கொன்றவள் என்று உன்னை என்னிடமிருந்து பிடுங்கியிருப்பார்கள். எல்லாரும் வெளியே போனதும், “வீட்டுல பால் காச்சுனியா?” என்று கேட்டார். காய்ச்சினேன், நன்றாகப் பொங்கியது என்றேன். அந்த வீட்டுக்குள் நான் அப்போது காலே வைக்கவில்லை. மறுநாள் அவர் போய்விட்டார். குட்டி நாலாம் நாள் அகப்பட்டது, அவர் சொல்வது போலவே ஒரு கொல்லையில் மேய்ந்துகொண்டு நின்றதாம்.

முதலில் உன்னைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அது நியாயம் என்றே வைத்துக்கொள். ஆனால் நீ வளர்ந்த பிறகு யார் உன்னைப் பிடுங்குவார்கள்? அப்போதும் சொல்லவில்லை. ஊர் அவரை மடையன் என்றது, நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், பாவம் பொறுமைசாலி என்று எனக்குப் பேர் கிடைத்தது. அந்தப் பேர் எனக்கு வேண்டியிருந்தது. பிறகு நீயும் அவரை மடையன் என்றாய், என்னை நல்லவள் என்றாய். அதை விட்டுவிட மனசு வரவில்லை. இப்போது நீ ஒரு குட்டியைப் பிடித்துக்கொண்டு, கூடவே பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, நான் குறித்துக் கொடுத்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ரோட்டில் இறங்கப் போகிறாய். அப்பா மாதிரி மடையன் இல்லை என்ற தைரியத்தில் போகப் போகிறாய். அவர் மடையன் இல்லை தம்பி. எல்லாம் தெரிந்தவருக்குத்தான் அப்படி ஆனது. தெரிந்தவனைக்கூட ஒரு வார்த்தை சொல்லித் தப்பு செய்ய வைத்துவிடலாம், நான் வைத்தேன்.

நேற்று முன்தினம் இலுப்பூருக்குப் போய் உன் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குச் சொல்லுமுன் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, செத்தது அவருடைய தம்பி அல்லவா. அவர், “சாகக் கெடந்தவனை அத்தனை பேரு முன்னாடி பேசிப்புட்டேனே” என்று அழுதார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

இனி உன் காரியம். குட்டியை ஒரு வாரமாவது கீரனூர் ரோட்டில் காலையில் நடத்து. பஸ் ஸ்டாண்டுக்குத் தள்ளி நிறுத்தி, போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் பார்க்க விடு. தினமும் கொஞ்சம் கொஞ்சம் கிட்டே கொண்டு போ. கூட நடக்க ஒரு கிழட்டுக் குதிரை கிடைத்தால் இரவல் வாங்கிக்கொள், சின்னது பெரியதைப் பார்த்துத்தான் அடங்கும். ஒரே நாளில் திருச்சி போகப் பார்க்காதே, கீரனூரில் தங்கு. மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டாதே, உன் இடுப்பிலும் கட்டாதே. பஸ் சத்தம் கேட்டால் ரோட்டை விட்டு இறங்கி நில், எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும். மருமகள் வேறு வண்டியில் போகட்டும், உன் கையில் எதையும் கொடுக்க வேண்டாம், சாமி படமாக இருந்தாலும் வேண்டாம். அம்மா மருமகளே, அவன் வருகிறபோது வரட்டும். அது வரைக்கும் வாசலில் உட்கார்ந்திரு. உன் அடுப்பு எங்கேயும் ஓடிப்போகாது.

என்மேல் உனக்கு என்ன கோபம் வரும் என்று நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். வரட்டும், குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பொங்கலுக்கு நீ வராமல் இருந்தாலும் நான் ஆள் அனுப்ப மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் செய். திருச்சி போய்ச் சேர்ந்து குட்டியைக் கட்டிய அன்றைக்கு ஒரு கார்டு போடு. வந்து சேர்ந்தோம் என்று இரண்டு வார்த்தை போதும். அதில் ‘ஆத்தாவுக்கு’ என்று எழுத உனக்கு மனசு வராவிட்டால் எழுத வேண்டாம். விலாசத்தை மட்டும் எழுதிப் போடு, எனக்குத்தான் என்று நான் வாங்கிக்கொள்வேன்.